அப்பாவின் வண்டி செல்ஃப் எடுக்காத ஆறு வாரங்கள்

காலை ஆறேகாலுக்கு அப்பா வண்டியின் செல்ஃப் பட்டனை அழுத்த, வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. டக். அவ்வளவுதான். வழக்கமாக அதற்கடுத்து வரும் அந்த உருளும் ஒலி வரவில்லை. மறுபடி டக். மூன்றாவது முறை இன்ஜின் சோம்பலாகச் சுழன்று உயிர் பெற்றது. அப்பா பூ வாங்கக் கிளம்பிப் போனார். 2024 ஏப்ரல் கடைசி வாரம் அது.

மறுநாள் ஐந்து முறை அழுத்தியும் எடுக்கவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கிக்கரை வெளியே மடக்கி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். மூன்றாவது மிதியில் வண்டி கிளம்பியது. ஆனால் திரும்பி வந்ததும் நேராகப் போய்ச் சோபாவில் உட்கார்ந்து வலது முழங்காலைத் தேய்த்தார். சாயங்காலம் அது வீங்கியிருந்தது.

அவருக்கு அப்போது 68 வயது. வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். கிக்கரும் வலது பக்கம்தான். 2014இல் ஓய்வு பெற்றபோது பணிக்கொடைப் பணத்தில் வாங்கிய 150 சிசி பைக் இது. காய்கறி, கோவில், வங்கி, கொட்டிவாக்கத்தில் இருக்கும் சித்தப்பா வீடு எல்லாமே இதில்தான். ஆட்டோவில் போகச் சொன்னால் போவார், ஆனால் இரண்டாவது நாள் போகமாட்டார். யாரையாவது கேட்டுத்தான் வெளியே போகவேண்டும் என்ற நிலை வந்தால் அவர் வெளியே போவதையே குறைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். கோவிட் சமயத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செல்ஃப் பட்டனை ஒரு சொகுசு என்று என்னால் நினைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

பட்டனை அழுத்தி ஒரு சின்ன மின் மோட்டாரால் இன்ஜினைக் கிளப்பும் இந்த விஷயம் பழையது. ஆரம்பகாலக் கார்களை முன்பக்கம் நின்று கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்பவேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை எலும்பு முறியும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் செய்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன்பு அவர் கடைகளில் இருக்கும் கல்லாப்பெட்டியை மோட்டாரால் இயக்கும் வேலையைச் செய்தவர். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓடவேண்டியதில்லை. ஒரு கணம் மட்டும் முழு வேகத்தில் இழுத்துவிட்டு ஓய்வெடுத்தால் போதும். காருக்கும் அதே யோசனைதான். தன் அளவுக்கு மீறிய சுமையைச் சின்ன மோட்டார் ஒன்று சில நொடிகள் மட்டும் தாங்கும். நம் வண்டிகளில் உள்ள, உள்ளங்கையில் அடங்கும் செல்ஃப் மோட்டார் வரைக்கும் இந்தக் கணக்கு மாறவில்லை. பட்டனை விடாமல் பத்துப் பதினைந்து நொடி அழுத்திக்கொண்டிருந்தால் மோட்டார் கருகுவதும் இதனால்தான். ஐந்து நொடிக்கு மேல் அழுத்தக்கூடாது. எடுக்கவில்லையென்றால் அரை நிமிடம் விட்டுத்தான் மறுபடி அழுத்தவேண்டும்.

எங்கள் வீட்டில் செல்ஃப் என்ற சொல் 1990களிலேயே நுழைந்துவிட்டது. அத்தை கைனடிக் ஹோண்டா வைத்திருந்தார். புடவை கட்டிக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்தி, அலுவலகத்துக்குக் கிளம்பிப் போவார். அதே தெருவில் ஆண்கள் ஸ்கூட்டரைச் சாய்த்து வைத்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். வண்டி ஓட்டுவது யாருக்கானது என்பதை அந்தப் பட்டன் மாற்றிவிட்டதைச் சிறுமியாக நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

தெருமுனை மெக்கானிக் அண்ணா பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "பேட்டரி வீக் சார், மாத்திடுங்க" என்றார். அப்பா மாற்றினார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பழைய பேட்டரிக்கு நான்கு வயது ஆகியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு வாரம் நன்றாக எடுத்தது. அப்புறம் மறுபடியும் டக். இந்த முறை அண்ணா ரிலேயை, அதாவது பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சை, மாற்றினார். முந்நூற்றைம்பது ரூபாய். நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் அப்பா மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு மிதித்தார்.

"செல்ஃப் மோட்டாரையே மாத்திடலாம் சார்" என்று அண்ணா சொன்னார். அவர் சொன்னது கடைசியில் சரிதான். ஆனால் எனக்கு அந்த வரிசைதான் உறுத்தியது. பேட்டரி, ரிலே, மோட்டார் என்று ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டே போனால் என்றாவது ஒருநாள் கோளாறு இருக்கும் பொருளை மாற்றியே தீருவோம். ஆனால் எது கெட்டிருந்தது, ஏன் கெட்டது என்பது கடைசிவரை தெரியாது. காரணம் தெரியாமல் போட்ட புது மோட்டாரும் அதே காரணத்தால் போகலாம்.

நான் கல்லூரியில் மின்னியல் படித்தவள். அப்புறம் கணினி வேலைக்குப் போய் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ஒரு மல்டிமீட்டர் மட்டும் அலமாரியில் கிடந்தது. புது ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றை அதில் போட்டேன். "ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்குக் குடுங்கப்பா" என்று கேட்டேன். "உனக்கு எதுக்கும்மா இந்தக் கரி வேலையெல்லாம்" என்றார். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டார்.

வண்டியைத் தொடுவதற்கு முன் அந்த டக் என்ன சொல்கிறது என்று யோசித்தேன். செல்ஃப் எடுக்காத வண்டி எல்லாம் ஒன்றல்ல. சத்தத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும்.

பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லையென்றால் கோளாறு மெல்லிய ஒயர் பக்கம் இருக்கிறது. பியூஸ், பட்டன், கிளட்ச் லீவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் இவற்றில் ஒன்று. டக்டக்டக்டக் என்று படபடத்தால் பெரும்பாலும் பேட்டரிதான், அல்லது அதன் முனையில் உப்பு பூத்திருக்கும். ரிலே இழுத்ததும் மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. சார்ஜ் இல்லாத பேட்டரியின் வோல்ட் சரிகிறது. இழுத்துப் பிடிக்கப் போதுமான வோல்ட் இல்லாமல் ரிலே விட்டுவிடுகிறது. விட்டதும் சுமை குறைந்து வோல்ட் ஏறுகிறது. ரிலே மறுபடி இழுக்கிறது. அந்தப் படபடப்பு இப்படித்தான் வருகிறது. மோட்டார் சர்ர்ரென்று வேகமாகச் சுற்றி, இன்ஜின் மட்டும் அசையாமல் நின்றால் மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே, மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கொடுக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது, இன்ஜின் பக்கமூடியைக் கழற்றவேண்டிய வேலை.

எங்கள் வண்டியில் ஒரே ஒரு டக், பளிச்சென்று. ஒருவகையில் அது நல்ல செய்தி. பட்டன், பியூஸ், கிளட்ச் சுவிட்ச், ரிலேயின் காயில் எல்லாம் உயிரோடு இருந்தால்தான் அந்த டக் வரும். அந்த ஒரு சத்தத்தில் வண்டியின் மெல்லிய ஒயரிங் முழுவதும் தேர்வு எழுதிப் பாஸாகிவிட்டது. மிச்சம் இருப்பது தடித்த ஒயர் பாதை மட்டும். பேட்டரியின் பிளஸ், ரிலேயின் இரண்டு பெரிய முனைகள், அங்கிருந்து மோட்டார், மோட்டாரின் உடம்பு வழியாக இன்ஜின், இன்ஜினிலிருந்து எர்த் ஒயர் வழியாகப் பேட்டரியின் மைனஸ். ஒரு வட்டம். அந்த வட்டத்தில் எங்கோ ஓர் இடத்தில் கோளாறு இருக்கிறது.

ஞாயிறு காலை, வண்டி நியூட்ரலில். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.7 வோல்ட் காட்டியது. முழு சார்ஜ். அடுத்து அப்பாவைப் பட்டன் அழுத்தச் சொன்னேன். டக். மீட்டரைப் பார்த்தேன். 12.5.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. நல்ல செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு இழுத்தால் எந்த வண்டி பேட்டரியும் பத்துச் சொச்சத்துக்காவது இறங்கியே ஆகவேண்டும். பேட்டரி வீக் என்றால் ஒன்பதுக்கும் கீழே சரிந்திருக்கும். மோட்டார் இறுகி நின்றிருந்தால் அதைவிடவும் கீழே போயிருக்கும். 12.5 என்றால் ரிலே காயிலுக்குப் போகும் மூன்று நான்கு ஆம்பியரைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. பேட்டரி வேலையே செய்யவில்லை, செய்யச் சொல்லி யாரும் அதைக் கேட்கவும் இல்லை. ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஓர் எண்ணைப் பார்த்திருந்தால் போதும்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். அடைப்புக்கு மேலே தொட்டியின் முழு அழுத்தமும் இருக்கும். அடைப்பைத் தாண்டி ஒன்றும் இருக்காது. மின்சாரத்திலும் அப்படியே. வட்டம் எங்கே அறுந்திருக்கிறதோ அந்த இடத்தின் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்தால் பேட்டரியின் முழு வோல்ட்டும் அங்கே தெரியும். அந்த இடத்தைத் தேடிக்கொண்டு போனால் போதும்.

ரிலேயின் மோட்டார் பக்கத் தடித்த முனையில் ஒரு முள்ளையும் பேட்டரியின் மைனஸில் இன்னொன்றையும் வைத்து அப்பாவை அழுத்தச் சொன்னேன். அழுத்துவதற்கு முன் பூஜ்யம், அழுத்தியதும் 12.5. அப்படியென்றால் ரிலேயின் உள்தொடர்பு மூடுகிறது, அறுப்பு அங்கே இல்லை. இந்த இடத்தில் பலர் ரிலேயின் இரண்டு தடித்த முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து ரிலேயைத் தாண்டிப் பார்ப்பார்கள். அதிலும் தெரியும்தான், ஆனால் பெரிய தீப்பொறி பறக்கும். பக்கத்தில் கார்புரேட்டர் இருக்கும்போது அதை நான் செய்யமாட்டேன், யாரையும் செய்யவும் சொல்லமாட்டேன்.

அடுத்து மோட்டார். எங்கள் வண்டியில் அது சிலிண்டருக்கு முன்னால், சைலன்சர் வளைவுக்குக் கீழே படுத்திருக்கிறது. அதன் முனையில் இருந்த ரப்பர் தொப்பியை விலக்கிச் சிவப்பு முள்ளை வைத்தேன், கறுப்பு முள்ளை மோட்டாரின் உடம்பிலேயே சுரண்டி வைத்தேன். டக். 12.4 வோல்ட்.

மோட்டாரின் வாசல் வரைக்கும் மின்சாரம் வந்து நிற்கிறது. எர்த்தும் தொடர்பில் இருக்கிறது. ஆனால் உள்ளே போகவில்லை. அறுப்பு மோட்டாருக்குள் இருக்கிறது.

உறுதி செய்துகொள்ள இன்னொன்று செய்தேன். அப்பாவைப் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்பானரின் பின்பக்கத்தால் மோட்டாரின் உடம்பில் மெதுவாக இரண்டு தட்டு. மோட்டார் சட்டென்று உதறிச் சுற்றியது! இன்ஜின் கிளம்பிவிட்டது. அப்பா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறக்கமாட்டேன். உள்ளே, சுற்றும் தண்டில் இருக்கும் தாமிரப் பட்டைகளுக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தன் கூட்டில் சிக்கிக்கொண்டு அவற்றைத் தொடாமல் நிற்கும்போது, அதிர்வு கொடுத்தால் நகர்ந்து தொடும். பழைய எலக்ட்ரீஷியன்களுக்குத் தெரிந்த வழிதான். மெதுவாகத் தட்டவேண்டும் என்பது முக்கியம். இந்தச் சின்ன மோட்டார்களின் உள்சுவரில் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன, ஓங்கி அடித்தால் விரிசல் விட்டு உடையும்.

அடுத்த சனிக்கிழமை இரவே மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டேன். ஞாயிறு காலை வண்டி நன்றாக ஆறியிருந்தது. முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினேன். பிளஸ் முனையில் முதலில் ஸ்பானர் போட்டு, அது தவறிப்போய்ச் சட்டத்தில் பட்டால் பேட்டரி முழுவதும் அந்த ஸ்பானர் வழியாகப் பாயும். மைனஸ் கழன்றிருந்தால் ஸ்பானர் சட்டத்தில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மோட்டார் முனையின் நட்டைத் திருகும்போதும் ஒரு நிதானம் வேண்டும். அங்கே இரண்டு நட்டு இருக்கும். உள்நட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டுதான் வெளிநட்டைத் திருகவேண்டும். இல்லையென்றால் நட்டோடு சேர்ந்து திருகாணியும் சுற்றி, உள்ளே பிரஷ்ஷுக்குப் போகும் இணைப்பு முறுக்கிக்கொள்ளும்.

எட்டாம் நம்பர் பாக்ஸ் ஸ்பானரில் போல்ட்டுகள் முனகிக்கொண்டே வந்தன. அதில் ஒன்றின் அடியில்தான் எர்த் ஒயரின் வளையமும் இருந்தது. அதை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. மோட்டாரை இரண்டு பக்கமும் லேசாக அசைத்து அசைத்து இழுத்தேன். மூக்குப் பகுதியில் இருக்கும் ஓரிங் என்ற ரப்பர் வளையம் பிடித்துக்கொண்டிருக்கும், பொறுமை வேண்டும். இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் அலுமினியத்தில் தழும்பு விழுந்து பிறகு ஆயில் கசியும். கடைசியில் பொளக் என்று வெளியே வந்தது, பின்னாலேயே நாலைந்து சொட்டு இன்ஜின் ஆயில்.

மூடிகளுக்கும் உடம்புக்கும் குறுக்கே மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, நீளத் திருகாணிகளைக் கழற்றி மோட்டாரைப் பிரித்தேன்.

உள்ளே தண்ணீர்க் கோடு இருந்தது.

வெள்ளம் வந்த வீட்டுச் சுவரில் இருக்குமே, பழுப்பு நிறத்தில் நேராக ஒரு கோடு, அதேதான். வேளச்சேரியில் இருப்பவர்களுக்கு அந்தக் கோட்டை விளக்கவேண்டியதில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெரு மூழ்கியது. வண்டி முழங்கால் அளவுத் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் செய்யவேண்டியதெல்லாம் செய்தோம் என்றுதான் நினைத்தோம். இன்ஜின் ஆயிலை இரண்டு முறை மாற்றினோம். ஏர் ஃபில்டர், பிளக், கார்புரேட்டர், பிரேக் எல்லாம் பார்த்தாயிற்று. வண்டி ஓடியது. செல்ஃபும் எடுத்தது. அதனால் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

தண்ணீரும் யாரையும் அவசரப்படுத்தாமல் நான்கரை மாதம் உள்ளே தன் வேலையைச் செய்திருக்கிறது. பிரஷ் தேய்ந்து உதிரும் கார்பன் தூள் வழக்கமாக உலர்ந்த மையாக உள்ளே படிந்திருக்கும், அதனால் பெரிய தொந்தரவு இல்லை. சேற்றுத் தண்ணீர் கலந்ததால் அது களிமண்போலக் கெட்டிப்பட்டிருந்தது. ஒரு பிரஷ் அந்தக் களிம்பில் ஒட்டிக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளவேண்டிய ஸ்பிரிங்கும் துருப்பிடித்து, கூட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. இன்னொன்று நான்கு மில்லிமீட்டர்தான் மிச்சம். புதிதில் பத்து மில்லிமீட்டராவது இருக்கும். மோட்டாரின் சுற்றும் பகுதியான ஆர்மேச்சரின் இரும்புத் தகடுகளில் செந்துரு. காந்தங்களின் மேலும் அதே துரு ஒட்டியிருந்தது.

அந்த டிசம்பரில், தண்ணீர் வடிந்த அந்த வாரமே, இரண்டு போல்ட்டைக் கழற்றி, மோட்டாரைப் பிரித்து, துடைத்து, வெயிலில் காயவைத்திருந்தால் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று நாங்கள் எல்லோரும் பகிர்ந்துகொண்ட பட்டியல்களில் ஆயில் இருந்தது, செல்ஃப் மோட்டார் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடலூரிலோ மழைக்காலத்தில் வண்டி நீரில் நின்றவர்கள், செல்ஃப் எடுத்தாலும் சரி, மோட்டாரை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

புது பிரஷ் செட் மட்டும் போட்டால் போதுமா என்று முதலில் பார்த்தேன். இருநூறு ரூபாயில் முடிந்திருக்கும் வேலை அது. எல்லாவற்றையும் துடைத்து, காயவைத்து, தாமிரப் பட்டைகளை மெல்லிய எமரி பேப்பரால் தேய்த்துவிட்டு மீட்டரை வைத்தேன். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே தொடர்பு இருக்கவேண்டும், இருந்தது. பட்டைக்கும் ஆர்மேச்சரின் தண்டுக்கும் நடுவே தொடர்பு இருக்கவே கூடாது. மீட்டர் சில நூறு ஓம் காட்டியது. மறுபடி துடைத்தேன், ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்தேன். அப்போதும் அதே. காயிலின் காப்புப் பூச்சுக்குள் ஈரம் புகுந்து தண்டுக்குக் கசிகிறது. பின்பக்க பேரிங்கைக் கையால் சுற்றினால் மணல் அரைப்பதுபோல் இருந்தது. நல்ல நாட்களில் கூட வண்டி ஏன் சோம்பலாகச் சுற்றியது என்பதற்கு அதுவும் ஒரு பதில். காயில் கட்டும் கடையில் காட்டினேன். "இவ்ளோ சின்னதுக்குக் கட்டுற கூலியே ஜாஸ்தி ஆயிடும்மா, புதுசு போட்ருங்க" என்று நேர்மையாகச் சொன்னார்.

ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் உதிரிபாகக் கடைகள். வண்டி பெயரையும் வருடத்தையும் சொன்னதும் கவுண்டரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "பழச எடுத்துட்டு வந்தீங்களா?" துணிப்பையிலிருந்து எடுத்து வைத்தேன். அவர் மோட்டாரின் மூக்கைத் திருப்பிப் பல்லை எண்ணினார். ஒன்பது. அப்புறம் இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், உடம்பின் நீளம், ஒயர் முனை எந்தப் பக்கம் என்று பார்த்தார். ஒரே வண்டியிலேயே வருடத்துக்கு வருடம் மாறுமாம். பல் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ உள்ளே மாட்டிவிடும், ஆனால் கியர் பல்லை மென்றுவிடும் என்றார். எதிர்த்திசையில் சுற்றும் மோட்டார்களும் பார்க்க ஒன்றுபோலவே இருக்குமாம். கம்பெனி மோட்டார் மூவாயிரத்துச் சொச்சம், டூப்ளிகேட் ஆயிரத்து இருநூறு. டூப்ளிகேட்டின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன், முகம் சுளிக்காமல் காட்டினார். பிரஷ்ஷுக்குப் போகும் பின்னல் ஒயர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. கம்பெனி மோட்டாரையே வாங்கினேன். புது ஓரிங் ஒன்றும் தனியாக வாங்கினேன்.

மாட்டுவது கழற்றுவதைவிடச் சுலபம். ஓரிங்கில் இன்ஜின் ஆயில் தடவி, துளைக்குள் நேராகத் தள்ளினேன். பல் உள்ளே கியரோடு பொருந்தாமல் இடித்தால் தண்டை ஒரு முடியளவு திருப்பினால் உட்கார்ந்துவிடும். போல்ட்டுகளை அளவாகத்தான் இறுக்கவேண்டும். ஆறு மில்லிமீட்டர் போல்ட், அலுமினிய மரை. பத்து நியூட்டன் மீட்டர் போதும். பலத்தைக் காட்டினால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். ஒயரை மாட்டினேன், ரப்பர் தொப்பியைப் போட்டேன், மைனஸ் முனையைக் கடைசியாக மாட்டினேன்.

அப்பா அழுத்தினார். முதல் அழுத்திலேயே எடுத்தது. அவர் சிரித்தார். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

எனக்கு மட்டும் அந்தச் சுழற்சி இன்னும் கொஞ்சம் கனமாக இருப்பதுபோலக் கேட்டது. புது மோட்டார், புது பேட்டரி, புது ரிலே. இதைவிட வேகமாகச் சுற்றவேண்டும். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை மோட்டாரின் உடம்பிலும் வைத்து, மறுபடி அழுத்தச் சொன்னேன். இரண்டும் ஒரே எர்த்தான், மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டவேண்டும். 0.7 வோல்ட் காட்டியது.

போனவாரம் இதே பாதை நல்லதாகத்தான் தெரிந்தது. அப்போது மின்சாரம் ஓடவே இல்லை, அதனால் தெரிந்தது. குழாயில் தண்ணீர் ஓடாதபோது பாதி அடைப்பும் அடைப்பாகத் தெரியாது, திறந்துவிட்டால்தான் தெரியும். இப்போது மோட்டார் உண்மையாக இழுக்கும்போது, எர்த் வளையத்துக்கு அடியில் இருந்த துரு வெளியே வந்தது. நான் அதைத் துடைக்காமல் அப்படியே வைத்துப் போல்ட்டை இறுக்கியிருந்தேன். திரும்பக் கழற்றினேன். வளையத்தின் இரண்டு முகமும், இன்ஜினில் அது உட்காரும் இடமும், போல்ட் தலையின் அடிப்பக்கமும் எமரி பேப்பரால் பளபளக்கும்வரை தேய்த்தேன். மாட்டிவிட்டு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினேன், ஈரம் அண்டாமல் இருக்க. மறுபடி அளந்தேன். 0.1.

அந்த 0.7 சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் எர்த் பக்கம் 0.2, மொத்தப் பாதையிலும் அரை வோல்ட், அதற்கு மேல் தொலையக்கூடாது. இவ்வளவு ஆம்பியர் ஓடும் இடத்தில் தொலையும் ஒவ்வொரு புள்ளியும் வெப்பமாகத்தான் மாறுகிறது. மோட்டாரோ குறைந்த வோல்ட்டில் இன்னும் நேரம் எடுத்துச் சுற்றுகிறது, அதனால் இன்னும் சூடாகிறது. மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு விட்டிருந்தால் இரண்டு மழைக்காலம் தாண்டியிருக்குமா என்று தெரியாது.

எல்லாம் முடிந்தபிறகு எடுத்த எண்களை வண்டியின் ஆர்.சி. புத்தக உறையில் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சும்மா இருக்கும்போது 12.7. செல்ஃப் அடிக்கும்போது 10.6. எர்த் பக்க இழப்பு 0.1. இன்ஜினை முடுக்கினால் பேட்டரியில் 14.2, அதாவது சார்ஜிங்கும் சரி. தெருமுனை அண்ணாவிடம் அந்தச் சீட்டைக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். "அந்த 12.5னு இருந்துச்சே, அத எப்படி மேடம் பாத்தீங்க?" என்று கேட்டார். அவர் கடையில் நின்றிருந்த இன்னொரு வண்டியில் இரண்டு பேரும் சேர்ந்து செய்து பார்த்தோம். அந்த வண்டியில் அழுத்தியதும் எட்டுக்கு இறங்கியது. "இது நிஜமாவே பேட்டரிதான்" என்றார். அந்த வாரமே அவரும் ஒரு மீட்டர் வாங்கிவிட்டார்.

2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தது. செய்தியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், வேளச்சேரி மேம்பாலத்தில் மழைக்கு முன்னாலேயே ஜனங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அன்று மாலை அலுவலகத்திலிருந்து வந்தபோது வாசலில் வண்டி இல்லை. அப்பாவுக்குப் போன் செய்தேன். பின்னால் ஒரே வண்டிச் சத்தம்.

"பாலத்து மேலதான் நிக்கிறேன்மா. கார்காரங்க எல்லாம் விட்ருக்காங்க, நடுவுல பைக்குக்கு ஒரு எடம் இருந்துச்சு. விட்டுட்டு இதோ நடந்து வந்துர்றேன்."

"மழை வர்றதுக்குள்ள வந்துருங்கப்பா. நடக்க வேணாம், நான் வந்து கூட்டிட்டு வர்றேன்."

"சரி வா. வரும்போது ஒரு பாலித்தீன் கவர் எடுத்துட்டு வா. அந்த மோட்டார் மேல கட்டணும்."